ஒரே கூரை

கார்த்திகை பிறந்துவிட்டால்
எங்கள் வீட்டில் வழக்குத் தொடங்கிவிடும்.
டச்சுக் குடா ஒழுங்கையில் இந்த வளவுக்குள்
ஒழுகாத கூரை ஒன்றே ஒன்று.
அது கராஜ்.
உள்ளே நனையாமல் நிற்பது யார்?
இவருடைய மொரிஸ் மைனரா,
என்னுடைய பியானோவா?

‘காருக்கு மழை புதிதா? அது தெருவுக்கென்றே பிறந்தது.’
இது நான்.
‘உன் பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேணும்.
ஒரு வாளியை மேலே வை.’
இது இவர்.
வாளியைப் பியானோவின் மேல் வைத்த வருடம்
பன்னிரண்டு நாள் நாங்கள் பேசவில்லை.
பதின்மூன்றாம் நாள், தேத்தண்ணியை வைத்துவிட்டு,
எது நிலைக்கிறதென்று பார்ப்போம் என்றார்.
பார்க்கலாம் என்றேன்.

பால்கணக்கு அட்டையின் பின்பக்கத்தில்
அன்றிலிருந்து எழுதி வருகிறேன்.

கார்:
கிண்ணியா அஜ்வாத் எஞ்சினை இரண்டு தரம் இறக்கிவிட்டார்.
கியர்ப்பெட்டி, கந்தளாயில் செத்துக் கிடந்த இன்னொன்றினுடையது.
இடது கதவு குருநாகலில் இருந்து வந்தது.
வலது கதவைப் பற்றி இவர் வாய் திறப்பதில்லை.
தரைத்தகட்டை உப்புக்காற்றுத் தின்று
ஒருநாள் உவர்மலை ஏற்றத்தில்
என் செருப்பு ஓட்டைக்குள்ளால் தெருவுக்குப் போனது.
இப்போது என் காலுக்குக் கீழே இருப்பது
எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி ஒட்டிய தகடு;
மழைநாளில் இன்னும் மண்ணெண்ணெய் மணக்கும்.
‘ஆனாலும் ஓடுதே’ என்கிறார்.
ஓடுகிறது.
எது ஓடுகிறது என்றுதான் கேட்கிறேன்.

பியானோ:
ஒன்றும் மாற்றவில்லை.
அதே மரம், அதே இரும்புச் சட்டம்,
பூச்சி தின்றது போக மிச்சமுள்ள
அதே கம்பளிச் சுத்தியல்கள்.
இறக்கிவைத்த இடத்திலேயே
தரைதட்டிய கப்பல்போல இருக்கிறது.
‘அப்படியே இருக்குது பாருங்கோ’ என்பேன்.
‘பிணமும் கொஞ்சநேரம் அப்படித்தான்’ என்பார்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை
கொழும்பிலிருந்து இரவு மெயிலில் லூடோவைக் வருவார்,
தோல்பையில் சாவியும் செவிப்பஞ்சும்.
கடைசியாக வந்தபோது
ஒரு ஆணியை மட்டும் திருகிப் பார்த்துவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டார்.
‘இழுத்தால் கம்பி அறும், மிஸிஸ்.
சேர்ந்தே இறங்குகிறது, விட்டுவிடுங்கள்.’

சேர்ந்தே இறங்கினால்
இறங்கியது யாருக்குக் கேட்கும்?
ஒற்றை வீட்டில் ஒற்றைப் பியானோ.
சுருதிக் கவையும்
கடல் வந்த வருடத்தில் கடலோடு போய்விட்டது.

நேற்றுப் பின்னேரம்.
அடைமழை.
ஞாயிறு ஆராதனைக்கு ஒரு கீதம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
வாளிக்குள் சொட்டு, என் தாளத்துக்கு ஒத்துவராமல்.
இவர் சந்தையால் வருகிறார், பாரை மீனோடு.
எங்கள் கேற்றடியில் ஒரு புள்ளிமான்
பஸ் நிலையத்து வாழைப்பழத்தோலெல்லாம் தின்று கொழுத்து
குறுக்கே படுத்திருக்கிறது.
ஹோர்னை அமத்துகிறார்.

இருபத்தாறு வருடமாக
அந்த ஹோர்ன் என் பல்லுக்குள் கூசியிருக்கிறது.
மூன்றாம் கறுப்புக் கட்டைக்கு ஒரு மயிரிழை கீழே,
சேரவும் மாட்டாது, விலகவும் மாட்டாது.
நேற்று என் விரல் அந்தக் கட்டையில் இருந்தது.
வெளியே அவர் கை எடுக்கவில்லை.
இரண்டுக்கும் இடையில்
ஒரு நூல் போக இடமில்லை.

யன்னலைத் திறந்து கத்தினேன்:
‘ஹோர்னை மாத்தினீங்களோ?’
‘இந்தக் காரிலை நான் மாத்தாதது
இது ஒண்டுதான்’ என்றார், மழைக்குள் தலையை நீட்டி.

அட்டையை எடுத்தேன்.
எந்தப் பக்கம் எழுதுவது?
இறங்கிப்போனது நானா,
துருப்பிடித்துத் துருப்பிடித்து
அதுவும் கொஞ்சம் இறங்கி வந்ததா?
கேட்டுச்சொல்ல மூன்றாவது காது இந்த வளவில் இல்லை.
பென்சிலை வைத்துவிட்டு
மறுபடி அந்தக் கட்டையை அழுத்தினேன்.
மறுபடி அவர்.

மான் எழும்பவில்லை.